ஒலிவாங்கியின் முன்னே குத்துச்சண்டை வீரன்

இலக்கியத் திறனாய்வு அச்சேறிய நூல்களோடு நின்றுவிட வேண்டும் என்று கருதுவோர் நம்மிடையே இன்னும் உளர். காவியமும் கவிதையும் நாவலுமே ஆராய்ச்சிக்குரியன. சந்தையிலும் தொழிற்சாலையிலும் விளையாட்டரங்கிலும் மனிதன் பேசும் பேச்சு அத்தகுதி உடையதன்று என்பது அவர்தம் கொள்கை. ஆயின், மொழி எங்கே நெருக்கடிக்கு உள்ளாகின்றதோ, அங்கே சமுதாயத்தின் உண்மை உருவமும் வெளிப்படும். அத்தகைய நெருக்கடி ஒன்றையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது. குத்துச்சண்டை முடிந்த மறுகணம், கோதாவின் கயிறுகளுக்குள்ளேயே, வியர்வையும் இரத்தமும் காயுமுன்னர், ஒலிவாங்கியை நீட்டி வீரனிடம் எடுக்கப்படும் பேட்டியே அது.

இப்பேட்டிகள் ஒளிபரப்பாகிய இரவோடு மறைந்துவிடுவதில்லை. சிறு துண்டுகளாக வெட்டப்பட்டுக் கைத்தொலைபேசி வழியே உலகெங்கும் உலவுகின்றன. குத்துச்சண்டை ஒன்றையேனும் முழுமையாகப் பார்த்தறியாத நம் மாணவர்கள் கூட, மைக் டைசன் எப்போதோ கூறிய ஒரு வாக்கியத்தை ஒப்புவித்துச் சிரிக்கின்றனர். அச்சிரிப்பில் குற்றங்காண்பது நம் நோக்கமன்று. ஆனால் ஒரு வினா எழுகின்றது: நகைப்புக்கிடமானவை அவ்வீரர்களின் விடைகளா, அல்லது அவர்களிடம் கேள்வி கேட்பதற்கெனச் செய்யப்பட்டிருக்கும் ஏற்பாடா? விகாரம் ஏற்பாட்டிலேயே உள்ளது என்பதும், அவ்விகாரமான ஏற்பாட்டின் ஊடாகவும் மனிதனின் உண்மைக் குரல் சில வேளைகளில் பீறிட்டு எழுகின்றது என்பதும், அக்குரலையே நாம் கேளாது விடுகின்றோம் என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

முதலில் இவ்வடிவத்தின் இயல்பை நோக்குவோம். இன்று உலகப் பட்டத்துக்கான ஆடவர் போட்டி பன்னிரண்டு சுற்றுகளைக் கொண்டது. சுற்று ஒன்றுக்கு மூன்று நிமிடம். 1980களுக்கு முன்னர் பதினைந்து சுற்றுகள் இருந்தன. அவ்வளவு நேரம் தலையிலும் விலாவிலும் அடி வாங்கிய ஒருவன், மூச்சுச் சீராகுமுன்னர், இலட்சக்கணக்கானோர் பார்த்திருக்கத் தன் செயலுக்கு விளக்கம் கூற வேண்டும். சுரங்கத்திலிருந்து மேலே ஏறிவந்த தொழிலாளியை வாயிலிலேயே மறித்து, "நிலக்கரியை வெட்டுகையில் உன் உள்ளத்தில் என்ன ஓடியது?" என்று கேட்பார் உண்டா? இவனிடம் மட்டும் அவ்வாறு கேட்கப்படுகின்றது. ஏனெனில், இவனது உழைப்பு மட்டுமன்றி, உழைப்பினால் ஏற்பட்ட களைப்பும், வேதனையும், கண்ணீரும் விற்பனைப் பண்டங்களாகின்றன.

விற்பவர் யார்? ஐக்கிய அமெரிக்காவில் தொலைக்காட்சி பரவிய காலத்தில் ஜிலெட் சவர அலகுக் கொம்பனி வாரந்தோறும் நடந்த சண்டைகளுக்குப் பணம் கொடுத்தது. பின்னர் பெரும் போட்டிகள் திரையரங்குகளில் நுழைவுச்சீட்டுக்குக் காட்டப்பட்டன. 1973 முதல் 2018 வரை எச்.பி.ஓ. நிறுவனம் சந்தாப் பணத்துக்குக் குத்துச்சண்டையை ஒளிபரப்பியது. அதனுடன் சேர்ந்து, ஒவ்வொரு பெருஞ்சண்டைக்கும் தனித்தனியே கட்டணம் அறவிடும் முறையும் வளர்ந்தது. முறை எதுவாயினும் தேவை ஒன்றே: இன்றைய சண்டை முடிந்தது, நாளைய சண்டைக்கு ஆள் சேர்க்க வேண்டும். "அடுத்து எவருடன் மோதப் போகின்றீர்?" என்ற கேள்வி இப்பேட்டிகளில் தவறாது இடம்பெறுவதன் காரணம் இதுவே. கேள்வி போலத் தோன்றினும் அது விளம்பரமேயாகும்.

இவ்வடிவத்தின் கொடுமையை 1962 மார்ச் 24 அன்று நியூயோர்க் மடிசன் ஸ்குவெயர் கார்டனில் நடந்த நிகழ்ச்சி காட்டுகின்றது. எமில் கிரிபித்தும் கியூபா நாட்டவரான பெனி பரெட்டும் மூன்றாம் முறையாக மோதினர். பன்னிரண்டாம் சுற்றில் பரெட் கயிற்றோடு சாய்ந்து, கைகளை உயர்த்தவும் இயலாது நின்றார். மத்தியஸ்தர் தடுக்குமுன்னர் கிரிபித்தின் அடிகள் இடைவிடாது அவர் தலையில் விழுந்தன. நாடு முழுவதும் அதனைத் தொலைக்காட்சியில் கண்டது. பரெட் நினைவிழந்து கிடக்க, வர்ணனையாளர் டொன் டன்பி வெற்றியாளரைப் பேட்டி கண்டார். மீண்டும் பட்டம் பெற்றமை தமக்குப் பெருமை தருகின்றது என்றும், பரெட் நலமாக இருப்பார் என்று நம்புவதாகவும் கிரிபித் கூறினார். பரெட் நினைவு திரும்பாமலே ஏப்ரில் 3 அன்று உயிர்நீத்தார்.

கிரிபித்தின் சொற்களை இன்று படிப்போருக்கு உடல் சிலிர்க்கும். ஆயினும் அவர் பொய் கூறவில்லை, இரக்கமின்றிப் பேசவுமில்லை. தமது கைகள் செய்துவிட்டதை அவர் அக்கணத்தில் அறியார். அறியாத ஒருவரிடம் அறிந்தவர் போலப் பேசுமாறு கேட்பதே இப்பேட்டியின் விதி. அவர் உள்ளபடி பேசுவதற்கு மேலும் நாற்பத்து மூன்று ஆண்டுகள் தேவைப்பட்டன. 2005இல் வெளிவந்த ஓர் ஆவணப்படத்தில், முதுமையுற்ற கிரிபித் பரெட்டின் மகனைச் சந்தித்துத் தழுவிக்கொள்கின்றார். அவ்விரு காட்சிகளையும் அடுத்தடுத்து வைத்து நோக்குவோருக்கு, உண்மை கனிவதற்குக் காலம் வேண்டும் என்பதும், ஒளிபரப்பு அக்காலத்தை அளிக்க மறுக்கின்றது என்பதும் புலனாகும்.

அப்படியாயின் இப்பேட்டி முற்றாக ஒழிய வேண்டும் என்பதா நம் முடிவு? அன்று. இதற்கு மறுபுறமும் ஒன்றுண்டு. குத்துச்சண்டைக்கு வருவோர் பெரும்பாலும் வறியோர். நிறத்தினாலும் இனத்தினாலும் ஒதுக்கப்பட்டோர். வாழ்நாள் முழுவதும் எவரும் செவிசாய்க்காத ஒருவனுக்கு, உலகம் முழுவதும் செவிசாய்க்கும் இரண்டொரு நிமிடங்கள் கிடைக்கின்றன. அந்நிமிடங்களை அவன் தனதாக்கிக் கொள்ளவும் கூடும்.

அவ்வாறு ஆக்கிக் கொண்டவர்களுள் முதல்வர் பின்னாளில் முகம்மது அலி எனப் பெயர்பெற்ற காஸியஸ் கிளே. 1964 பெப்ரவரி 25 அன்று மயாமி பீச் நகரில், இருபத்திரண்டு வயதில், அவர் சொனி லிஸ்டனை எதிர்த்தார். பந்தயக்காரர்கள் லிஸ்டனின் பக்கம் ஒன்றுக்கு ஏழாக நின்றனர். பத்திரிகையாளரும் மிகப் பெரும்பாலானோர் கிளே தோற்பார் என்றே எழுதியிருந்தனர். ஏழாம் சுற்றுக்கு மணி அடித்தபோது லிஸ்டன் ஆசனத்தைவிட்டு எழவில்லை. கோதா ஓரத்தில் அமர்ந்திருந்த பத்திரிகையாளரை நோக்கி, எழுதியதை விழுங்குமாறு கிளே கூவினார். பேட்டி காண வந்தவர் கேள்வியைத் தொடங்குமுன்னரே, தாம் உலகத்தை உலுக்கிவிட்டதாக மீண்டும் மீண்டும் முழங்கினார்.

அதனைச் செருக்கு என்றனர் அன்றைய கனவான்கள். கேள்வி கேட்கும் உரிமை எவர் கையில் உள்ளதோ அவருக்கே பேச்சின் எல்லையை வகுக்கும் அதிகாரமும் உண்டு என்பதை அவ்விளைஞர் உணர்ந்திருந்தார். ஆகவே கேள்வியை வரவிடவில்லை. அமெரிக்காவின் கறுப்பின வீரன் வென்றபின் பணிவாகத் தலைகுனிந்து நன்றி கூற வேண்டும் என்பது எழுதப்படாத சட்டமாயிருந்த காலம் அது. அச்சட்டத்தை அவர் உடைத்தார். அடுத்த சில நாட்களில் பெயரை மாற்றிக்கொண்டதும், 1967இல் வியட்நாம் யுத்தத்துக்கான படைச்சேர்ப்பை மறுத்துப் பட்டத்தை இழந்ததும் அதே குரலின் தொடர்ச்சியே. கோதாவில் எழுந்த கூச்சலுக்கும் நீதிமன்றத்தின் முன் நின்ற உறுதிக்கும் இடையே உள்ள உறவைக் காணாதோர் அவரை வாயாடி என்று மட்டுமே அறிவர்.

எல்லா வீரரும் அலி அல்லர். தன் மொழியில் பேசவும் வாய்ப்பற்றவன் என் செய்வான்? பனாமா நகரின் எல் சொரில்யோ என்னும் வறிய பகுதியிலே வளர்ந்த ரொபேர்ட்டோ டுரானின் கதை இதற்குச் சான்றாகும். 1980 ஜூனில் மொன்றியலில் சுகர் ரே லெனார்டை வென்ற டுரான், அதே ஆண்டு நவம்பர் 25 அன்று நியூ ஓர்லியன்ஸில் அவரோடு மீண்டும் மோதினார். லெனார்ட் அவரை ஏளனஞ் செய்தவாறு ஆடினார். எட்டாம் சுற்றில் டுரான் கையசைத்துச் சண்டையைக் கைவிட்டார். 'நோ மாஸ்', அதாவது 'இனி வேண்டாம்' என்று அவர் கூறியதாக உலகம் நம்புகின்றது. மத்தியஸ்தர் அச்சொற்களைக் கேட்டதாகவே கூறினார். தாம் அவற்றை உச்சரிக்கவே இல்லை என்று டுரான் பின்னர் மறுத்தார். வயிற்று நோவே காரணம் என்று அன்றே விளக்கமும் கூறினார். எவரும் ஏற்கவில்லை.

அவர் என்ன கூறினார் என்பது இங்கு முக்கியமன்று. 1968 முதல் 2001 வரை 119 முறை கோதாவில் ஏறி 103 முறை வென்ற ஒரு மனிதரின் வாழ்வு முழுவதையும் இரண்டு சொற்கள் விழுங்கிவிட்டன. அவர் தந்த விளக்கம் அவரது தாய்மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறி, செய்தித் தலைப்புகளின் அளவுக்குச் சுருங்கி, இறுதியில் கேலியாக முடிந்தது. தன் மொழியில் தன் நியாயத்தைக் கூற இடமின்றிப் பிறர்மொழிக் கச்சேரியில் நின்றவன் படும் பாட்டை நம் நாட்டுத் தமிழ் வாசகருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

இனி, கேள்வி நன்றாக அமைந்த ஒரு வேளையைப் பார்ப்போம். 1990 பெப்ரவரி 11 அன்று டோக்கியோவில் ஜேம்ஸ் 'பஸ்டர்' டக்ளஸ், தோல்வியே அறியாத மைக் டைசனைப் பத்தாம் சுற்றில் வீழ்த்தினார். பந்தயம் அவருக்கு எதிராக ஒன்றுக்கு நாற்பத்திரண்டாக இருந்தது. எச்.பி.ஓ.வின் லரி மேர்ச்சன்ட், எவராலும் இயலாது என்று நினைத்ததை எவ்வாறு செய்தீர் என்ற கருத்துப்படக் கேட்டார். குத்துகளைப் பற்றியோ பயிற்சியைப் பற்றியோ டக்ளஸ் பேசவில்லை. "என் அம்மா" என்றார். அதற்குமேல் பேச்சு வரவில்லை, அழுதார். அவரது தாயார் அப்போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன்னரே காலமாகியிருந்தார்.

ஒலிபரப்பு வரலாற்றில் இதனைவிடச் சுருங்கிய விடையும் இதனைவிட நிறைந்த விடையும் அரிது. விற்பனைக்கு உதவாத விடை அது. மகனின் துயரத்தைக் கொண்டு அடுத்த சண்டைக்கு நுழைவுச்சீட்டு விற்க முடியாது. அதுமட்டுமன்று: அவர் அழுதுகொண்டிருந்த அதே நாளில், எட்டாம் சுற்றில் டக்ளஸ் விழுந்தபோது மத்தியஸ்தர் மெதுவாக எண்ணினார் என்ற முறைப்பாட்டைப் பற்றிக்கொண்டு, அவ்வெற்றியை அங்கீகரிக்காது வைக்கும் முயற்சியும் நடந்தது. இரு பெரிய சம்மேளனங்கள் முடிவை நிறுத்திவைத்தன. பொதுமக்களின் கண்டனத்துக்குப் பின்னரே சில நாட்களில் பணிந்தன. கோதாவில் தாயை நினைத்து அழுதவனும், அறைக்குள்ளிருந்து கணக்குப் பார்த்தவர்களும் ஒரே தொழிலின் இரு முனைகளாவர்.

லண்டனில் பிறந்த பிராங்க் புரூனோவின் பேட்டி வேறொரு காயத்தைத் திறந்தது. கரிபியன் தீவுகளிலிருந்து குடிபெயர்ந்த பெற்றோரின் மகன் அவர். மூன்று முறை உலகப் பட்டத்துக்கு முயன்று தோற்றவர்; 1995 செப்டம்பர் 2 அன்று வெம்பிளி மைதானத்தில் ஒலிவர் மக்கோலை வென்றார். பிரித்தானிய மக்கள் ஆரவாரித்தனர். கண்ணீரோடு ஒலிவாங்கியின் முன் நின்ற புரூனோ, தாம் ஓர் 'அங்கிள் டொம்' அல்லர் என்றும், தம் இனத்தாரை விற்றவர் அல்லர் என்றும் திரும்பத் திரும்ப வலியுறுத்தினார். வெள்ளையருக்கு வாலாட்டும் கறுப்பன் என்ற பொருளில் வழங்கும் வசை அது. 1993இல் அவரோடு மோதிய லெனொக்ஸ் லூயிஸ் அச்சொல்லால் அவரைத் தூற்றியிருந்தார்.

வெற்றிபெற்ற இரவில் இவர் ஏன் இதனைப் பேசுகின்றார் என்று பலர் திகைத்தனர். திகைத்ததே அவர்களது அறியாமைக்குச் சான்று. வெள்ளையர் சமுதாயம் ஒரு கறுப்பனை நேசிப்பதாயின் அவன் சிரித்துக்கொண்டேயிருக்க வேண்டும். சிரித்தால் அவனது சொந்த மக்கள் ஐயுறுவர். இரு பக்கத்திலிருந்தும் விழுந்த அடிகளைப் புரூனோ ஆண்டுக்கணக்காகத் தாங்கியிருந்தார். அவரைப் பொறுத்தவரை அன்றைய சண்டை மக்கோலுடன் நடந்தது மட்டுமன்று. கேள்வி எதுவாயிருந்தாலும் அவர் கூற விரும்பிய விடை அது ஒன்றே.

இவ்வளவும் கூறியபின், எல்லோரும் அறிந்த டைசனின் பேட்டிக்கு வருவோம். 2000 ஜூன் 24 அன்று ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் லூ சவரீஸை முப்பத்தெட்டு விநாடிகளில் முடித்த டைசனிடம் ஷோடைம் நிறுவனத்தின் ஜிம் கிரே ஒலிவாங்கியை நீட்டினார். தம்மைப்போல் கொடியவர் எவருமில்லை, லூயிஸின் இதயத்தைத் தின்பேன், அவரது பிள்ளைகளைத் தின்பேன் என்று டைசன் முழங்கினார். உலகம் மனப்பாடஞ் செய்திருப்பது இதனையே.

அதே பேட்டியில் அவர் கூறிய வேறொன்றை உலகம் மறந்தது. தமது உற்ற நண்பரை அண்மையில் அடக்கஞ் செய்ததாகவும், இரண்டு மூன்று வாரங்களே பயிற்சி செய்ததாகவும், சண்டையிடவே எண்ணியிருக்கவில்லை என்றும், இச்சண்டையை அந்நண்பருக்கே அர்ப்பணித்ததாகவும் அவர் கூறினார். அந்நண்பர் அதே மாதத்தில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். ஆக, நாம் கேட்டுச் சிரிப்பது இழவு வீட்டிலிருந்து எழுந்துவந்த ஒருவனின் குரல். ஒரே மூச்சில் வந்த புலம்பலையும் வீறாப்பையும் பிரித்து, புலம்பலை எறிந்துவிட்டு வீறாப்பை வைத்துக்கொண்டனர் விற்போர்.

நம் இலக்கிய மரபை அறிந்தோர்க்கு இவ்விடத்தில் ஒரு ஒப்புமை தோன்றும். புறத்திணையிலே வஞ்சினக் காஞ்சி என்பது ஒரு துறை. இன்னது செய்யேனாயின் இன்னவன் ஆகுக என வீரன் சூளுரைப்பது அது. சூளுரை மிகையாகவே இருக்கும். அதன் இலக்கணமே அது. அதனை எழுத்துக்கு எழுத்து உண்மையெனக் கொள்வார் இலர். டைசனின் சொற்களும் அவ்வகையின. பிள்ளைகளைத் தின்னும் எண்ணமுடையவர் என அவரைக் கருதுவது பேதைமை. ஆயின், நம் மரபில் வஞ்சினம் போருக்கு முன்னர் கூறப்படுவது. போர் முடிந்து புண்பட்டுக் கிடப்பவனுக்கு வேறு நெறி இருந்தது. புறநானூற்றின் 281ஆம் பாட்டு, புண்பட்ட வீரனின் மனையில் வேம்பு செருகி, யாழ் இசைத்து, காஞ்சி பாடி, நறும்புகை எழுப்பி அவனைக் காப்பதைக் கூறுகின்றது. மன்னரின் நலத்துக்காக எளியோர் உயிர்கொடுத்த காலத்தைப் பொற்காலமெனப் போற்றுவது நம் நோக்கமன்று. எனினும் அக்காலத்தாரும் காயமுற்றவனுக்கு இசையை அளித்தனர். இக்காலத்தார் கேள்வியை நீட்டுகின்றனர்.

டைசனின் முழக்கம் வீண்போகவில்லை. வேறு சிலருக்குப் பயன்பட்டது. 2002 ஜூன் 8 அன்று மெம்பிஸ் நகரில் அவரும் லூயிஸும் மோதிய சண்டை, கட்டண ஒளிபரப்பில் 10 கோடி டொலருக்கு மேற்பட்ட வருமானத்தை ஈட்டியது. எட்டாம் சுற்றில் டைசன் வீழ்ந்தார். அதன் பின்னர் நடந்த பேட்டியில், கண்கள் வீங்கிய நிலையில், அவர் கையை நீட்டி லூயிஸின் கன்னத்தில் ஒட்டியிருந்த இரத்தத்தை மெல்லத் துடைத்தார். பிள்ளைகளைத் தின்பேன் என்ற வாக்கியம் உலாவிய தொலைவுக்கு இச்செயல் உலாவவில்லை. ஏனெனில், அன்புக்குச் சந்தையில் விலை குறைவு.

2005 ஜூன் 11 அன்று வொஷிங்டன் நகரில் அயர்லாந்தின் கெவின் மக்பிரைடுடன் நடந்த சண்டையில், ஆறாம் சுற்றுக்குப் பின் டைசன் ஆசனத்தைவிட்டு எழவில்லை. மீண்டும் ஜிம் கிரே, மீண்டும் ஒலிவாங்கி. இம்முறை முழக்கமில்லை. இத்தொழிலுக்கு வேண்டிய மனம் தம்மிடம் இல்லை என்றும், கடன்களையும் செலவுகளையும் சமாளிக்கவே சண்டையிட்டதாகவும், தாம் நேசிக்கும் இவ்விளையாட்டை மேலும் இழிவுபடுத்த விரும்பவில்லை என்றும் அவர் அமைதியாகக் கூறினார். தம் கைகளால் 30 கோடி டொலருக்கு மேல் ஈட்டிய அவர், 2003இல் வங்குரோத்து மனுத் தாக்கல் செய்திருந்தார். அச்செல்வத்தை அவரும் விரயஞ் செய்தார். அவரைச் சூழ்ந்தோரும் உறிஞ்சினர். எவ்வாறாயினும், கூலிக்காகவே உழைத்தேன் என்று ஒரு மாவீரன் பொதுமேடையில் ஒப்புக்கொண்ட கணம் அது. முன்னைய பேட்டியை விட இதுவே நினைவிற் கொள்ளத்தக்கது. ஆனால் இதனை ஒப்புவிக்கும் மாணவர் எவரையும் நாம் காண்பதில்லை.

கேள்வி கேட்போர் மீதே பழி முழுவதையும் சுமத்துவது நியாயமாகாது. அவர்களுள் நேர்மையாளரும் உளர். 2011 செப்டம்பர் 17 அன்று புளொயிட் மேவெதர், விக்டர் ஓர்ட்டிஸ் தற்காப்பின்றி நின்ற வேளையில் அடித்து வீழ்த்தினார். அது முறையா என எண்பது வயதான மேர்ச்சன்ட் அவரிடம் துருவிக் கேட்டார். மேவெதர் சினந்து, மேர்ச்சன்ட்டை நிறுவனம் வேலைநீக்கஞ் செய்ய வேண்டும் என்றார். தமக்கு ஐம்பது வயது குறைவாக இருந்தால் உம்மை உதைத்திருப்பேன் என்று பதிலிறுத்தார் முதியவர். இதுவும் வேடிக்கைத் துண்டாக உலாவுகின்றது. ஆயினும், பணம் படைத்த வெற்றியாளனிடம் கேட்க வேண்டிய கேள்வியையே அவர் கேட்டார் என்பதை மறத்தலாகாது. புகழ்பாடும் கேள்வியைவிடச் சினமூட்டும் கேள்வி மேலானது.

இன்னொரு சான்று குத்துச்சண்டைக்கு அயலிலுள்ள கலப்புச் சண்டையிலிருந்து வருகின்றது. 2017 ஜூலையில், தலையில் அடிபட்டுத் தோற்று நிலைதடுமாறி நின்ற டானியல் கோர்மியேயை ஜோ ரோகன் பேட்டி கண்டார். என்ன நடந்ததென்றே தெளிவாக அறியாத கோர்மியே அழுதார். அவ்வாறு செய்தது தவறு என ரோகன் பின்னர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். தனிமனிதரின் மனச்சாட்சி விழித்துக்கொண்டமை வரவேற்கத்தக்கது. ஆனால் மனச்சாட்சி ஒருவருக்கு ஒருவர் வேறுபடும். விதியன்றோ எல்லோரையும் காப்பது?

இதன் பாரதூரத்தை உணர வேண்டுமாயின் மருத்துவ உண்மையொன்றை நினைவுகூர வேண்டும். தலையில் தொடர்ந்து அடி வாங்கிய குத்துச்சண்டை வீரர்களின் நடை தள்ளாடுவதையும் பேச்சுக் குழறுவதையும் 1928இலேயே அமெரிக்க மருத்துவர் ஹரிசன் மார்ட்லண்ட் ஆராய்ந்து எழுதினார். ஏறத்தாழ நூறாண்டாக அறியப்பட்ட சங்கதி இது. வீரனிடம் பேச்சைக் கேட்கும் இதே தொழில்தான் அவனது பேச்சைச் சிறிது சிறிதாகப் பறிக்கின்றது. உலகத்தை உலுக்கியதாக முழங்கிய அலிக்கு, 1984இல் நாற்பத்திரண்டு வயதில், பார்க்கின்சன் நோய்க்குரிய குறிகள் கண்டறியப்பட்டன. 2016இல் அவர் மறைவதற்கு முன் பல ஆண்டுகள் அக்குரல் ஏறத்தாழ அடங்கியே கிடந்தது.

இவற்றையெல்லாம் ஒருசேர விளக்கும் பேட்டியொன்று உண்டு. அதில் பேசியவர் வீரர் அல்லர். 1990 மார்ச் 17 அன்று லாஸ் வேகாஸில் மெல்ட்ரிக் டெய்லரும் மெக்சிக்கோவின் ஹூலியோ சேசர் சாவெஸும் மோதினர். புள்ளிகளில் டெய்லர் முன்னின்றார். ஆனால் கடும் அடிகளால் உருக்குலைந்திருந்தார். இறுதிச் சுற்றில் விழுந்து எழுந்தவரிடம் மத்தியஸ்தர் ரிச்சர்ட் ஸ்டீல் கேட்ட கேள்விக்கு விடை வரவில்லை. இரண்டே விநாடிகள் எஞ்சியிருக்கையில் ஸ்டீல் சண்டையை நிறுத்தினார். டெய்லர் தோற்றவரானார். ஏன் நிறுத்தினீர் என ஒலிவாங்கி அவரை வினவியது. தாம் நேரங்காப்பவர் அல்லர் என்றும், எஞ்சிய நேரம் பற்றித் தமக்குக் கவலையில்லை என்றும், ஒருவன் போதிய அடி வாங்கிவிட்டான் எனக் கண்டால் நிறுத்துவதே தமது கடமை என்றும் ஸ்டீல் கூறினார்.

அத்தீர்ப்புச் சரியா என்று இன்றும் வாதிடுவோர் உளர். பறிபோன வெற்றியை எண்ணி டெய்லரின் பக்கம் நிற்பதும் இயல்பே. ஆயின், 2003இல் எச்.பி.ஓ. வெளியிட்ட ஆவணப்படத்தில் டெய்லர் பேசுவதைக் கேட்டோர் ஸ்டீலின் விடையை வேறுவிதமாக நினைவுகூர்வர். டெய்லரின் சொற்கள் குழறி, கேட்போருக்கு விளங்காதவாறு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. கடிகாரத்தைக் கொண்டு மனிதனை அளப்பதா, மனிதனைக் கொண்டு கடிகாரத்தை அளப்பதா என்ற கேள்விக்கு ஸ்டீல் தம் விடையைக் கூறிவிட்டார். ஒளிபரப்பின் கடிகாரமோ இன்றும் மனிதனைப் பொருட்படுத்தாது ஓடுகின்றது.

ஆகவே வேண்டுவன எளியனவே. ஒலிவாங்கி செல்லுமுன் மருத்துவர் செல்ல வேண்டும்; அவர் இசைந்த பின்னரே கேள்வி தொடங்க வேண்டும். வீழ்ந்தவனை அவன் விரும்பினாலன்றிப் பேச அழைத்தல் ஆகாது. வீரன் தன் தாய்மொழியில் முழுமையாகப் பேசவும், அது சுருக்கப்படாது பெயர்க்கப்படவும் வேண்டும். இவை நிறைவேறினும் இத்தொழிலின் அடிப்படைக் கொடுமை நீங்கிவிடாது. வறுமை இருக்கும்வரை தலையைக் கொடுத்துப் பிழைக்க முன்வருவோரும் இருப்பர். எனினும், பிழைக்க வந்தவனின் சொல்லையாவது நாம் காக்கலாம்.

அதற்கு நம் பக்கத்திலும் ஒரு கடமை உண்டு. நூலொன்றைத் திறனாய்பவன் ஒரு வரியை மட்டும் பிடுங்கியெடுத்து ஆசிரியனை எள்ளி நகையாடினால் அவனை நாம் மதிப்பதில்லை. கோதாவில் நிற்கும் மனிதனின் பேச்சுக்கும் அதே நீதியை வழங்குவோம். துண்டைக் கண்டு சிரிக்குமுன் முழுமையையும் கேட்போம். தாயை இழந்தவனும், நண்பனைப் புதைத்தவனும், கடனில் மூழ்கியவனும், இன வசையைச் சுமந்தவனும் அங்கே பேசிக்கொண்டிருக்கின்றனர்.